அயனிப் பலகையில் அம்மச்சி படம்: முகம் தெளியவில்லை

குளச்சல் அக்கா:
பழைய வீட்டைப் பிரித்தபோது கதவிலிருந்து ஒரு அயனி மரப் பலகையை எடுத்து வைத்தேன். அதில் அம்மச்சியின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பதிக்க வேண்டும். எங்களிடம் இருப்பது அந்த ஒரே படம்தான். முதலில் இங்க்ஜெட் நகல் எடுத்து, வெள்ளைப் பசை தடவி, அச்சுப் பக்கம் பலகையில் படும்படி ஒட்டினேன். மறுநாள் தாளை மட்டும் எடுக்க நனைத்துத் தேய்த்ததும் மை கரைந்து முகமே போய்விட்டது. அப்புறம் லேசர் நகல். படம் ஏறியது, ஆனால் மேலே புகை படிந்த மாதிரி இருக்கிறது. அம்மச்சிக்குத் தும்பைப்பூ மாதிரி நரைத்த தலை; பலகையில் அது மஞ்சளாகத் தெரிகிறது. பார்க்க மனசு கேட்கவில்லை.

தக்கலை போர்டு வேலை:
அக்கா, பிரிண்டர் வெள்ளையை அச்சடிக்காது. தாளின் வெள்ளைதான் நமக்கு நரையாகத் தெரிந்தது. பலகையில் அந்த இடத்தில் மர நிறம்தான் வரும். கதவுப் பலகையில் பழைய வார்னிஷ் இருக்கும், உப்புத்தாள் போட்டு வெறும் மரம் தெரியும்வரை தேயுங்கள். முகமும் தலையும் வரும் இடத்தில் மட்டும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் மெல்லிசாக ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். லேசர் டோனர் பிளாஸ்டிக் பொடி, தண்ணீரில் கரையாது. பசைக்குப் பதில் அக்ரிலிக் ஜெல் மீடியம் (காய்ந்ததும் நிறமில்லாமல் தெளியும் ஓவியக் கூழ்) வாங்குங்கள். இன்னொன்று, படத்தை இடவலம் திருப்பி அச்செடுத்தீர்களா? அம்மச்சி மூக்குத்தி எந்தப் பக்கம்?

குலசேகரம்:
அந்தப் புகை, ஒட்டியிருக்கும் தாள் நார். ஈரமாக இருக்கும்போது தெரியாது, காய்ந்ததும் வெளுக்கும். விரல் நுனியால் மட்டும் நனைத்துத் தேயுங்கள். காயவிட்டு மறுபடியும், இப்படி மூன்று நான்கு தடவை. கடைசியில் வார்னிஷ் அடித்தால் மிச்ச வெளுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். இது ஆடிச் சாரல் நேரம், ஒட்டிய தாள் ஒரு ராத்திரியில் காயாது. இரண்டு நாள் விடுங்கள். ரப்பர் மரத்துண்டு வெளிர் நிறம், முதலில் அதில் பழகிப் பாருங்கள்.

குளச்சல் அக்கா:
அண்ணாச்சி, நான் திருப்பவே இல்லை! மூக்குத்தி மாறியிருந்ததை நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். ரப்பர் துண்டில் செய்து பார்த்தேன். அவசரத்தில் தேய்த்ததால் ஒரு காதுப் பாம்படத்தின் ஓரம் உரிந்துவிட்டது. ஆனால் தலை வெள்ளையாக வந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். மழை விட்டதும் அயனியைத் தேய்க்கத் தொடங்குவேன்.