பாக்கோ தே லூசியா: கட்டைவிரலும் பன்னிரண்டு தட்டும்

ஃபிளமெங்கோ என்பது தென் ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த கலை. அதன் கிதார் கலைஞர் பாக்கோ தே லூசியாவின் வேகத்தில் மயங்காதவர் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய, வலக்கைக் கட்டைவிரலைப் பாருங்கள். முதல் மூன்று கம்பிகளில் பிக்காடோ (இரு விரல்களால் ஒவ்வொரு ஸ்வரமாக விரைந்து மீட்டுவது) ஓடும்போது அது ஆறாவது கம்பிமேல் ஊன்றியே இருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டி, மீட்டிய வேகத்திலேயே பக்கத்துக் கம்பியில் போய் அமரும். அசைவு விரலின் அடிமூட்டில். நுனி தளரக் கூடாது. தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, தட்டுக்கு 4 ஸ்வரம் என்று தொடங்குங்கள். ஒன்றாம் கம்பியிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும் இடத்தில்தான் கோளாறு: ஒரே விரல் இரண்டு முறை இழுத்துவிடும். மெதுவாக வாசிக்கையில் காது பிடிக்காது. வேகம் ஏறியதும் அந்த இடம் நொண்டும்.

விரல் சரி, கணக்கு இல்லாவிட்டால் அது ஃபிளமெங்கோவின் விரைவான தாள வகையான புலேரியா ஆகாது. 12 தட்டு, அழுத்தம் 12, 3, 6, 8, 10-இல். அதாவது 3, 3, 2, 2, 2. புதியவர்கள் ஒன்றில் அழுத்தி ஆரம்பிப்பார்கள், அங்கேயே தப்பிவிடும். பன்னிரண்டு என்று சொல்லி எண்ணத் தொடங்குங்கள். இசை வாக்கியம் பெரும்பாலும் பத்தில் முடியும். பதினொன்றில் கை சும்மா இருக்கப் பழகுவதுதான் கஷ்டம். கிதாரை எடுக்குமுன் ஒரு வாரமாவது கைதட்டியே பழகுவது நல்லது.

பாடகருக்கு வாசித்து வளர்ந்த கை அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1947-இல் தென் ஸ்பெயினின் அல்ஹெசிராஸில் பிறந்தவர். அண்ணன் பெப்பே பாடகர். 1969 முதல் ஃபிளமெங்கோ பாடகர் காமரோன் தே லா இஸ்லாவோடு வந்த இசைத்தட்டுகளைக் கேளுங்கள். குரல் எழும்போது கிதார் ஒதுங்கும், மூச்சு வாங்கும் இடைவெளியில் ஃபால்செட்டா என்ற கிதார் துணுக்கு நுழையும், அடுத்த பாட்டடிக்குமுன் முடிந்துவிடும். தனி வாசிப்பை மட்டும் படியெடுப்பவர்களுக்கு இந்த அடக்கம் வருவதே இல்லை. என் கணிப்பில் அவருடைய பெரிய சாதனையே இதுதான். 1973-இல் வந்த 'என்ட்ரே தோஸ் ஆகுவாஸ்' என்ற ரும்பா தாளக் கிதார் இசையின் புகழைவிடவும்.

கிதாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபிளமெங்கோ கிதாரில் கம்பி தாழ்வாக இருக்கும்: பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) ஆறாவது கம்பியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். கிளாசிக்கல் கிதாரில் 4 வரை போகும். ஓங்கி மீட்டும்போது எழும் லேசான கரகரப்பு பழுதல்ல, அந்த ஒலிக்கு அது வேண்டும். கம்பியைத் தாங்கும் சிறு கட்டையான சேடிலை உயர்த்தி அதைப் போக்கிவிடாதீர்கள்.

மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டியான கஹோனும் பாக்கோ வழியாகவே ஃபிளமெங்கோவுக்குள் வந்தது. 1970-களின் கடைசியில் பெருவில் அதைக் கேட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். அவருடைய குழுவில் வாசித்தவர் பிரேசில்காரர் ரூபெம் தாண்டாஸ். நடுவில் அடித்தால் குதிகால் மிதிப்பதுபோல் கனமாகவும், மேல்விளிம்பில் அடித்தால் கைதட்டுபோல் வெடிப்பாகவும் கேட்கும். ஆடுபவரின் காலோடு ஒட்டிப்போனது அதனால்தான். பெருவின் பெட்டிக்குள் கம்பி கிடையாது. முகப்பலகையின் உட்புறம் கம்பி இழுத்துக் கட்டி அந்தச் சிர்ரென்ற ஒலியைச் சேர்த்தது ஸ்பெயினில்தான்.