மறு: இலவச இடத்தில் ஓடும் விளம்பரத்துக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இலவசமாக வலைத்தள இடம் தரும் நிறுவனம் அந்தத் தளங்களில் தனக்காகப் போடும் விளம்பரத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற கேள்வியைக் கிளப்பியவன் நான்தான். அது எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இலவசமாக வலைத்தளம் வைத்துக்கொள்ள இடம் தரும் ஒரு சேவையின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திட்டங்களை ஒப்பிடும் அட்டவணையில் இலவசத் திட்டத்துக்கு நேரே "விளம்பரங்கள் உண்டு" என்றும், கட்டணத் திட்டத்துக்கு நேரே "விளம்பரங்கள் இல்லை" என்றும் போட்டேன். மூலத்தில் இருந்ததும் அவ்வளவுதான். பக்கம் வெளியான சில நாளில் ஒருவர் எழுதிக் கேட்கிறார்: "விளம்பரங்கள் உண்டு என்று போட்டிருக்கிறீர்களே, அந்தப் பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வரும்?"

முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அவர் மேல் தவறே இல்லை. காசு கட்டினால் விளம்பரம் போய்விடும் என்று நாங்கள் ஆசை காட்டியதை, காசு கட்டினால் வருமானம் போய்விடும் என்று அவர் படித்திருக்கிறார். விளம்பரம் யாருடையது என்று என் தமிழ் சொல்லவில்லை, அதனால் வந்த வினை.

இனி, வந்த பரிந்துரைகள்.

> இலவச விளம்பரம் என்றே வைத்துவிடலாமே?

இலவசம் இடம்தான், விளம்பரம் அல்ல. "பழைய பைக் விற்பனைக்கு" என்று காசில்லாமல் போடும் வரி விளம்பரம்தான் நினைவுக்கு வரும்.

> கட்டாய விளம்பரம்

கோபம் நியாயமானது. ஆனால் எந்த நிறுவனமும் தன் பக்கத்திலேயே தன்னைத் திட்டிக்கொள்ளாது. காணொளி நடுவே தாண்டவிடாமல் ஓடுகிறதே, அதற்கு வேண்டுமானால் இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

> வாடகை விளம்பரம்

கருத்து அருமை. இடத்துக்கு வாடகையாக விளம்பரம். ஆனால் படித்ததும் கண்முன் வருவது "வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்" என்று கேட்டில் தொங்கும் அட்டை.

> ஹோஸ்ட் (வலைத்தளத்துக்கு இடம் தருபவர்) என்பதற்குப் புரவலர் என்று எழுதுகிறோம். எனவே புரவலர் விளம்பரம்.

புரவலர் பாணனுக்குப் பொற்றாமரை கொடுத்தவர். பாட்டுக்கு நடுவே தன் சரக்கையும் கூவி விற்கச் சொன்னவர் அல்லர். தவிர, சிற்றிதழ்களில் நன்கொடையாளருக்கு அந்தச் சொல் போய்விட்டது.

இந்தச் சங்கதி புதிதும் அல்ல. ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைத்தளச் சேவை 1994இல் தொடங்கி, ஹாலிவுட், சிலிகான் வேலி என்று பேட்டை பேட்டையாகப் பிரித்து இலவச மனை கொடுத்தது. 1997இல் அந்தப் பக்கங்களில் விளம்பரம் நுழைந்தது. அடுத்த ஆண்டு, பக்கத்தின் மூலையில் ஜியோசிட்டீஸின் சின்னம் ஒட்டிக்கொண்டது, உருட்டினாலும் கூடவே வந்தது. டிரைபாட் என்ற இன்னொரு இலவச இடத்தில் வேறு சிக்கல். தனிநபர் பக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கார் நிறுவனம், ஏடாகூடமான பாலியல் பக்கத்தில் தன் விளம்பரத்தைப் பார்த்துப் பதறிவிட்டது. விளம்பரத்துக்கும் பக்கத்துக்கும் ஒட்டில்லை என்று காட்டத்தான் தனிச் சாளரத்தில் விளம்பரத்தைத் திறக்கும் நிரலை அங்கே வேலை பார்த்த ஈதன் சக்கர்மன் எழுதினார். உலகத்தையே எரிச்சலூட்டிய பாப்-அப்பின் பிறப்பு அது. 2014இல் அதற்காக மன்னிப்பும் கேட்டார்.

அந்தக் கார்க்காரர் கவலையின் மறுபக்கம் எங்கள் வீட்டில் நடந்தது. அம்மா போடும் கோலங்களைப் படமெடுத்து ஓர் இலவச இடத்தில் ஏற்றி வைத்திருந்தேன். மார்கழியில் ஒரு நாள் அவருக்குக் கைபேசியில் திறந்து காட்டுகிறேன். 15 புள்ளி, 8 வரை இடுக்குப் புள்ளி, அழகான தாமரை. அதற்கு நேர் கீழே, சீட்டுக்கட்டை விசிறிப் பிடித்த கை, "இப்போதே ரம்மி ஆடுங்கள்." அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "நம்ம வாசல்ல யாருடா சீட்டாடுறது?"

பார்க்கிறவருக்கு வாசல் நம்முடையது. உட்கார்ந்து ஆடுபவர் யார் என்பதைச் சொல்லத்தான் நமக்குச் சொல் இல்லை.

என் பரிந்துரை இது. நிலவுடைமைக் கணக்கில் நம்மிடம் ஒரு சோடிச் சொல் இருக்கிறது. நிலத்துக்கு உரியவருக்குப் போவது மேல்வாரம், உழுதவருக்கு நிற்பது குடிவாரம். இடம் தந்த நிறுவனம் தனக்காகப் போடுவது மேல்வார விளம்பரம். தளம் வைத்திருப்பவர் தனக்காகப் போடுவது குடிவார விளம்பரம். எப்படி?

———

தம்பிக்கு,

மேல்வாரம் எனக்குப் பிடித்த சொல். எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் இருக்கிறது. ஆனால் இங்கே கணக்கு இடிக்கிறது.

வாரம் என்றால் களத்துமேட்டில் ஒரே குவியல். மரக்கால் போட்டு அளந்து, இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்று பிரிப்பது. நீங்கள் சொல்லும் இலவச இடத்தில் குடியானவனுக்கு ஒரு மணி நெல்கூடக் கிடையாதே! விளம்பரக் காசு மொத்தமும் இடம் கொடுத்தவனுக்குத்தான். இவனுக்குக் கிடைப்பது நிற்க இடம். அது வாரம் ஆகாது. தளங்களில் விளம்பரம் காட்டிக் காசைத் தளக்காரரோடு பகிரும் கூகுளின் ஆட்சென்ஸ் மாதிரி பங்கு பிரிப்பதற்குத்தான் வாரம் பொருந்தும். கூகுள் 2010இல் வெளியில் சொன்ன கணக்குப்படி நூற்றில் 68 தளக்காரருக்கு, மீதி தனக்கு. அங்கே குவியல் இருக்கிறது, அளவும் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது?

உங்கள் வரியைக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியிடம் காட்டினேன். "அடுத்த வாரம் வர்ற விளம்பரமா தாத்தா?" என்றாள். அதோடு அந்தச் சொல்லின் கதை முடிந்தது.

பெட்டிக்கடைக்குக் குளிர்பானக் கம்பெனி ஓசியில் பெயர்ப்பலகை தருகிறதே, கம்பெனிப் பெயர் பெரிதாக, கடைப் பெயர் ஓரத்தில், அந்தப் பழக்கத்திலிருந்து சொல் எடுக்கலாமா என்றும் பார்த்தேன். அதுவும் உதவாது. அங்கே சுவர் கடைக்காரருடையது, வேண்டாம் என்றால் பலகையைக் கழற்றிவிடலாம். இங்கே சுவரே அடுத்தவருடையது.

யாருடையது என்பதுதான் உங்கள் சிக்கல் என்றால் யாரையே சொல்லிவிடுங்களேன். ஊரார், வீட்டார் என்கிறோம். இடம் கொடுத்தவர் இடத்தார், தளம் வைத்திருப்பவர் தளத்தார். இடத்தார் விளம்பரம், தளத்தார் விளம்பரம். உவமை, உருவகம் ஒன்றும் வேண்டாம்.

———

ஐயா,

மரக்கால் கணக்கில் மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். மேல்வாரத்தைத் திரும்பப் பெறுகிறேன். (வருத்தத்தோடுதான். இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து மகிழ்ந்த சொல்.)

இடத்தார் என்றதும் குழுவில் ஒருவர் தனிமடலில் "பெண் பார்க்க வந்த பெரிய இடத்தாரா?" என்று கிண்டலடித்தார். இருக்கட்டும். ஹோஸ்டிங் அட்டவணைக்குள் கல்யாணத் தரகர் வரமாட்டார்.

சொல் தாங்குகிறதா என்று உண்மையான வரிகளில் பொருத்திப் பார்த்தேன்.

வேர்ட்பிரஸ்.காம் என்ற வலைப்பதிவுச் சேவையின் இலவசத் திட்டம்: இடத்தார் விளம்பரம் உண்டு. காசு கட்டினால் அது விலகும்.

பிளாகர் (கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவை): நேர் எதிர். இடத்தார் விளம்பரம் இல்லை, விரும்பினால் தளத்தார் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் 2018இல்தான் முறையாகக் கதவைத் திறந்தது. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, இடம் இருந்தும் இந்த வசதி பெயரளவில்தான்.

இவை சரியாக உட்காருகின்றன. மூன்றாவது ஒன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. விளம்பரம் விற்க யாருக்கு உரிமை என்று காட்டும் ஆட்ஸ்.டெக்ஸ்ட் என்ற சிறு கோப்பு 2017 முதல் இருக்கிறதல்லவா? அதை முதன்மை ஆள்களத்தின் (தளத்தின் மூல முகவரியின்) வேரில் வைக்க வேண்டும். இன்னொருவர் பெயருக்குக் கீழே கிளைப்பெயரில் குடியிருப்பவருக்குப் பல இடங்களில் அந்த வேர் கைக்கு எட்டாது. "விளம்பரம் போட உங்களுக்குத் தடையில்லை" என்று எழுதியிருக்கும், போடவும் முடியாது. இதைப் பழைய சொற்களில் விளக்க அரைப்பக்கம் ஆகியிருக்கும். இப்போது எழுதியது: "தளத்தார் விளம்பரத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் அதற்கான கோப்பை இடத்தார்தான் வைக்க முடியும்." இரண்டே வரி.

பங்கு பிரிக்கும் வகைக்கு வாரம் வேண்டாம், பேத்தி சொன்னதே போதும். "பங்கு விளம்பரம்" என்று வைத்திருக்கிறேன். பங்குச்சந்தை நினைவு வருகிறதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வெள்ளிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும்.

அட்டவணையைத் திருத்திவிட்டேன். கேள்வி கேட்டவருக்கும், உங்கள் பக்கத்தில் வருவது இடத்தார் விளம்பரம், காசு இடத்தாருக்கு என்று விளக்கி எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"புரிந்தது சார். அப்போ எனக்கு ஒன்றும் வராதா?"