பிரிஸ்பேன் லைஃப்லைன் பழைய புத்தக விற்பனை: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஆண்டின் நடுவிலும், சவுத் பேங்க் மாநாட்டு மையத்தில் நடக்கும். சவுத் பிரிஸ்பேன் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான். கூடத்தை மூன்றாகப் பிரித்திருப்பார்கள்: உயர்தரப் பகுதி, தனித்தனி விலை ஒட்டிய பகுதி, விலை ஒட்டாத பகுதி. கடைசியில் சொன்னதில் எல்லாமே ஒரே மலிவு விலை. குறிப்பிட்ட துறையில் நல்ல நிலையில் உள்ள புத்தகம் வேண்டுமென்றால் முதல் நாள் காலையிலேயே உயர்தரப் பகுதிக்குப் போய்விடுங்கள். வியாபாரிகளும் அங்கேதான் முதலில் நிற்பார்கள். நாவல்களை அள்ள வருகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. மேசை காலியாகக் காலியாகப் புதிய பெட்டிகளைப் பிரித்து அடுக்குவார்கள், அதனால் பார்த்த மேசையை இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

விலையில் பேரம் வேண்டாம். 1963-இல் சிட்னியில் தொடங்கிய தொலைபேசி உதவிச் சேவைதான் லைஃப்லைன். மன நெருக்கடியில் இருப்பவர் 13 11 14-க்கு எந்நேரமும் பேசலாம். நாம் கொடுக்கும் காசு அந்த வேலைக்குப் போகிறது.

*

மேலே சொன்னதோடு ஒன்று: புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் பையில் போடாதீர்கள். பிரிஸ்பேன் கோடையின் ஈரக்காற்றில், மூடிய அலமாரியிலும் காரேஜிலும் கிடந்தவையெல்லாம் நன்கொடையாக வரும். நடுவில் விரித்து மோந்து பாருங்கள். மக்கல் வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். வெயிலில் காயவைத்தாலும் அது முழுசாகப் போகாது, பூஞ்சையின் வித்து பக்கத்தில் இருக்கும் புத்தகங்களுக்கும் பரவும். தாளில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்து, வாடையும் பொடியும் இல்லையென்றால் வாங்கலாம்.

அடுத்தது முதுகு. பழைய பேப்பர்பேக்குகளில் தாள்களைத் தைக்காமல் பசையால் மட்டும் ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்துவிட்டால் 180 பாகை விரித்ததும் நடுவில் முறியும். அதனால் பாதி மட்டும் விரித்து, உள்முதுகில் பசை வெடித்த வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பயணப் புத்தகம் என்றால் கடைசியில் மடித்து வைத்த வரைபடம், மொழிப் பாடம் என்றால் குறுந்தகடு, கலைப் புத்தகம் என்றால் படத்தாள்கள். காணாமல் போவது பெரும்பாலும் இவைதான்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரியில் வைக்க வேண்டாம். ராமபாணப் பூச்சி சந்தேகம் இருந்தால், பிளாஸ்டிக் பையில் காற்று நீக்கி இறுகக் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். பூச்சி சாகும், பூஞ்சைக்கு இது மருந்தில்லை.

*

முதல் பதிப்பா என்று கேட்பவர்களுக்கு: தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 10 9 8 7 6 5 4 3 2 1 என்ற வரிசை இருக்கும். அதில் இருக்கிற மிகச் சிறிய எண்தான் அச்சு எண். 1 இருந்தால் முதல் அச்சு. வரிசை 4-இல் நின்றால் நான்காவது. எல்லாப் பதிப்பகமும் இதைப் பின்பற்றியதில்லை, பழையவற்றில் ஆண்டை மட்டும் பார்க்க வேண்டியிருக்கும். ஐஎஸ்பிஎன் எண்ணே (புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண்) இல்லையென்றால் அநேகமாக 1970-க்கு முந்தையது. 13 இலக்கம் வந்தது 2007 முதல். மேலுறையின் மடிப்பில் விலையே அச்சிடாமல் இருந்தால் புத்தகக் கழகப் பதிப்பாக (கழக உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்டது) இருக்கலாம், அதற்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்புக் குறைவு. மூலை வெட்டப்பட்டிருந்தால், பரிசாகக் கொடுத்தவர் விலையை வெட்டி எடுத்திருக்கிறார் என்றும் இருக்கலாம். நூலக முத்திரை உள்ளவை விற்க உதவாது. படிக்கத்தான் என்றால் அவற்றைத் தயங்காமல் வாங்குங்கள், பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் அட்டை நன்றாக இருக்கும்.

*

சக்கரப் பை கொண்டுபோங்கள். 20 பேப்பர்பேக் சேர்ந்தால் 5, 6 கிலோ வரும். படப் புத்தகம் ஒன்றே ஒன்றரைக் கிலோ தாண்டும். ஊருக்கு விமானத்தில் எடுத்துப்போக நினைத்தால் பெட்டியின் அடியில் கெட்டி அட்டைப் புத்தகங்களைப் படுக்கவையுங்கள், நிறுத்திவைத்தால் முனை நசுங்கும்.

திரும்ப நன்கொடை கொடுப்பவர்கள் பழைய கலைக்களஞ்சியம், காலாவதியான பாடநூல், நனைந்து காய்ந்தது ஆகியவற்றைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அவற்றைப் பிரித்தெடுக்கத் தன்னார்வலர்களின் நேரம் போகும், குப்பையில் கொட்டவும் அவர்களே காசு கட்ட வேண்டும்.