கொழும்பில் கலகலப்பான இடமாக அறை எடுக்க எந்தப் பக்கம் நல்லது?

திருமலையான்:
அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறேன், நாலைந்து நாள் நிற்போம். வாசலில் இறங்கினாலே கடை, கோயில், ஆட்கள் என்று இருக்கிற இடம் வேண்டும். புறக்கோட்டையில் அறை மலிவாகத் தெரிகிறது, எடுக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் நோ, அதிகம் நடக்க முடியாது.

கடற்காற்று:
தம்பி, புறக்கோட்டை பகலுக்குத்தான். காலையில் குறுக்குத் தெருக்களில் கால்வைக்க இடமிருக்காது, பின்னேரம் கடைகளைப் பூட்டத் தொடங்கினால் சனம் கரைந்துவிடும், ஞாயிறு என்றால் நிறையக் கடைகள் திறப்பதே இல்லை. இரண்டு பெண்களோடு இரவில் அங்கே நிற்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வெள்ளவத்தையில் எடுங்கள். காலி வீதி நெடுக புடவைக்கடை, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை, இருட்டின பிறகும் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் கேட்கும், எங்கே போனாலும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். கடற்கரைப் பக்க ஒழுங்கை என்றால் அம்மா மெல்ல நடந்து கடலோர வீதியான மரைன் டிரைவில் காற்று வாங்கலாம். தமிழ்ச் சங்கமும் 57ஆவது ஒழுங்கையில்தான், அந்த நாட்களில் நிகழ்ச்சி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
வெள்ளவத்தை வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கோயில் என்று கேட்டீர்களே, அதற்கு எங்கள் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம், கொழும்பு 13தான். அந்தக் காலத்துத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் ராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்து ஆட்களும் வந்து நிறைகிற கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், அப்புறம் செட்டியார் தெரு நகைக்கடைகள், எல்லாம் கிட்டக் கிட்ட. முருகனுக்கு எடுக்கிற ஆடிவேல் திருவிழா நேரம் வந்தால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போவதையும் பார்க்கலாம். தங்குவதற்கு அறைகள் இங்கே குறைவு என்பது உண்மைதான், அதனால் ஒரு முழு நாளாவது இந்தப் பக்கம் ஒதுக்குங்கள்.

திருமலையான்:
சரி, வெள்ளவத்தையே எடுக்கிறேன். கடற்கரைப் பக்கம் ரயில் சத்தம் இல்லையா?

கடற்காற்று:
இருக்கிறது. மரைன் டிரைவைத் தாண்டினால் உடனே தண்டவாளம், அதனால் ஒழுங்கையின் கடல் முனையில் ரயில் சத்தம், காலி வீதி முனையில் பஸ் ஹோர்ன். நடுவில் உள்ள தொடர்மாடியாகப் பாருங்கள். புறக்கோட்டைக்கு 100, 101 பஸ் காலி வீதியிலேயே வரும், அம்மாவோடு என்றால் பிக்மீ செயலியில் ஓட்டோ பிடியுங்கள். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்காமல் முற்பணம் கட்டவேண்டாம், அந்த முழங்காலோடு மூன்றாம் மாடி ஏற முடியாது.