தலையில் அடி, சிபிடி எண்ணெய், எங்கள் அனுபவங்கள்

பின்கள வீரர்:
தலையில் அடிபட்ட நான்காம் நாள், சக வீரர் கொடுத்த சிபிடி எண்ணெயை (கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத பொருள் கலந்தது) நாக்கின் அடியில் விட்டுக்கொண்டேன். அன்றிரவு நன்றாக உறங்கினேன். மறுநாள் தலைவலி இல்லாததால் அணி மருத்துவரிடம் குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். பயிற்சியில் உயரே வந்த பந்து இரண்டாகத் தெரிந்தது. எதைப் பிடிப்பது என்று புரியாமல் கைகளை நீட்டியபடி நின்ற அந்த நொடி இன்றும் என்னை உறுத்துகிறது. எண்ணெய் வலியை மறைத்ததா, வலி தானாகத் தணிந்ததா?

ஓட்டக்காரி:
எனக்குத் தொடைத் தசையில் காயம். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி 'இல்லை' என்று அச்சிட்ட சிபிடி புட்டியை நம்பினேன். ஊக்கமருந்துச் சோதனையில், அண்மையில் உட்கொண்டவற்றைப் படிவத்தில் எழுதச் சொன்னபோது என் கை நடுங்கியது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2018 முதல் சிபிடியைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் டிஎச்சிக்குப் போட்டிக் காலத்தில் தடை நீடிக்கிறது. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், 18இல் டிஎச்சி இருந்தது என்பதைப் பிறகுதான் படித்தேன். சோதனை முடிவில் சிக்கல் எதுவும் வரவில்லை. அதுவரை நான் உறங்கவும் இல்லை.

இயன்முறை மருத்துவர்:
பின்கள வீரரே, மருத்துவரிடம் எண்ணெயைப் பற்றிச் சொல்லாததுதான் உங்கள் தவறு. என்னிடம் வந்த ஒருவரும் இப்படியே மறைத்தார். எலிகளில் கன்னபினாய்டுகள் (சிபிடி, டிஎச்சி போன்ற பொருள்கள்) மூளை அழற்சியைக் குறைப்பதாகக் காட்டிய ஆய்வுகளை வைத்துக்கொண்டு மனிதருக்கு முடிவு கட்டாதீர்கள். கடும் தலைக்காயமுற்ற 800க்கும் மேற்பட்டோருக்கு டெக்சனாபினால் என்ற செயற்கைக் கன்னபினாய்டைக் கொடுத்துப் பார்த்த சோதனை, பலனில்லை என்றே 2006இல் முடிந்தது. சிபிடி கல்லீரல் நொதிகளைத் தடுப்பதால், இரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவு உடலில் கூடிவிடலாம். முதல் ஓரிரு நாள்கள் ஓரளவு ஓய்வெடுங்கள், பிறகு மெதுவான நடையில் தொடங்குங்கள், அறிகுறிகள் கூடினால் ஒரு படி இறங்குங்கள். மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் மோதல் பயிற்சிக்குத் திரும்பாதீர்கள்.

முன்னாள் தடுப்பாட்டக்காரர்:
மருத்துவரே, நீங்கள் கதவை முழுவதுமாக மூடுகிறீர்கள். வலி மாத்திரைகளால் வயிற்றில் புண் வந்து, இரத்த வாந்தி எடுத்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. எங்களுக்கு வேறு வழி தேவை. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல், வலிக்கும் மூளை அதிர்வுக்கும் கன்னபினாய்டுகள் உதவுமா என்று ஆராய, சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் கனடாவின் ரெஜைனா பல்கலைக்கழகத்துக்கும் 2022இல் 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. கேள்வி இன்னும் திறந்தே இருப்பதால்தானே அந்தப் பணம் ஒதுக்கப்பட்டது?

பின்கள வீரர்:
இன்று அணி மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை என் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். பாதித் தொலைவிலேயே அது இரண்டாகிவிட்டது. மீண்டும் முதல் படியிலிருந்து தொடங்குகிறேன்.