வோல்டேஜ் ஸேக்: தொய்வா, குறுக்கமா, பள்ளமா?

கோவை, பாலிடெக்னிக் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய ஆய்வகக் கையேடு ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. டிப்ளமோ எலெக்ட்ரிகல் மாணவர்களுக்கானது. வோல்டேஜ் ஸேக் வந்தால் தூண்டல் மோட்டார் என்ன ஆகும் என்பது பாடம். வோல்டேஜுக்கு மின்னழுத்தம் இருக்கிறது. ஸேக்குக்குத்தான் சொல் வேண்டும்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டு மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1159 தரநூல்படி, மின்னழுத்தம் இயல்பளவில் 90 முதல் 10 விழுக்காட்டுக்குள் இறங்கி, அரைச் சுற்று முதல் ஒரு நிமிடத்துக்குள் மீண்டுவிட்டால் அது ஸேக். நம் 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி நொடிதான். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அது குறைமின்னழுத்தம். 10 விழுக்காட்டுக்கும் கீழே போனால் தடை. கம்பி நீளத்தால் எப்போதும் இழப்பது வீழ்ச்சி. இந்த மூன்று சொற்களும் ஏற்கெனவே வேலையில் இருப்பதால் அவற்றைத் தொட முடியாது.

ஆய்வகத்தில் 5 குதிரைத்திறன் மோட்டாரை முழுச் சுமையில் ஓட்டுவோம். 415 வோல்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று, ஏழரை ஆம்பியர். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கைத் திருப்பிச் சில நொடி 290க்குக் கொண்டுவந்தால் மோட்டாரின் சத்தம் கனத்துவிடும். சுற்று வேகம் காட்டும் டாக்கோமீட்டர் 1365 பக்கம் இறங்கும், அம்மீட்டர் முள் 10ஐத் தொடும். அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும் என்று நினைத்து நிற்கிற பையன்கள் அந்த முள்ளைப் பார்த்ததும் கிட்டே வந்து குனிந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சொல்ல எனக்கு ஒரு நல்ல சொல் வேண்டும். 'மின்னழுத்தத் தொய்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

தொய்வு நல்ல சொல். 'வேலையில் தொய்வு' என்று நாளிதழில் தினமும் வருகிறது, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் ஓட்டு அதற்கே.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர்:

தங்கச்சி, இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் கம்பி தாழ்ந்து தொங்குவதற்கு என்ன சொல்லுகிறீர்கள்? அதுவும் தொய்வுதானே. உங்கள் மாணவர்கள் மின் கடத்தல் பாடத்தில் அந்தத் தொய்வுக்குக் கணக்குப் போடுவார்கள். ஒரே துறையில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கக்கூடாது. இன்னொன்று, தொய்ந்த கயிறு தானாக இறுகாது, ஸேக் தானாக மீளும். அந்த மீட்சி சொல்லில் தெரிய வேண்டும். வோல்டேஜுக்கு நாங்கள் வோல்ற்றளவு என்று படித்தோம், அந்தச் சண்டையை இப்போது தொடங்கவில்லை.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

தொய் என்ற வேர் சாதாரணமானதல்ல. புறநானூறு 214இல் கோப்பெருஞ்சோழன் விண்ணுலகைத் 'தொய்யா உலகம்' என்கிறான். மலைபடுகடாத்தில் 'தொய்யாது வித்திய' என்றால் உழாமல் விதைத்த என்று பொருள். உழுத மண் இளகும், இளகியது தளரும் என்று இரண்டையும் ஒரே வேரில் சேர்த்துப் பார்க்கிறேன். தோளில் எழுதும் கோலமான தொய்யிலையும் இங்கே கொண்டுவர எனக்கு ஆசைதான். ஆனாலும் யாழ்ப்பாணத்தார் சொன்ன தடை நியாயமானது.

எனவே இலக்கணத்துக்குள்ளேயே தேடினேன். குறுக்கம் இருக்கிறதே! எழுத்தை ஒலிக்கும் கால அளவு மாத்திரை. மகர மெய்க்கு அரை மாத்திரை. 'வரும் வண்டி' என்று சொல்லும்போது அடுத்து நிற்கும் வகரத்தால் அது கால் மாத்திரையாகிறது. 'வரும் காலம்' என்றால் மறுபடி அரை. அயலில் நிற்பதால் அளவு குன்றுகிறது, அயல் மாறினால் தன் அளவுக்கு மீள்கிறது. பக்கத்து ஃபீடரில், அதாவது மின்வழங்கு தடத்தில், பழுது வந்தால் இந்த ஃபீடரில் அழுத்தம் குன்றி மீள்வதும் இதே முறைதானே? மின்னழுத்தக் குறுக்கம் என்று வைக்கலாம். அந்த மாத்திரையைத் தொல்காப்பியர் 'கண்ணிமை நொடி' என்று அளக்கிறார். பல ஸேக்குகள் நிகழும் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

கோவை, ஆசிரியை:

ஐயா, படித்ததும் உடம்பு சிலிர்த்தது. மகரக்குறுக்கத்தை இப்படி நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஷார்ட் சர்க்யூட்டுக்குக் குறுக்குச்சுற்று என்று அதே நூலில் பத்து இடத்தில் இருக்கிறது. ஸேக் வருவதற்கு முதல் காரணமே எங்கோ நடக்கும் குறுக்குச்சுற்றுதான். 'குறுக்குச்சுற்றால் குறுக்கம் ஏற்படும்' என்று எழுதினால் பையன் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பான்.

பீளமேடு, மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர்:

மேடம், ஐயா, எல்லாருக்கும் வணக்கம். நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. எங்களிடம் வருகிறவர்கள் இந்த ஸேக்கை 'டிப் அடிச்சுது', 'கரண்ட் ஒரு இழு இழுத்துச்சு' என்றுதான் சொல்வார்கள். டிப் என்றே வைத்துக்கொண்டால் என்ன தவறு?

தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மோட்டாருக்கு அடி விழுவது வோல்டேஜ் இறங்கும்போது மட்டும் இல்லை, திரும்பி ஏறும்போதும்தான். வேகம் குறைந்த மோட்டார் மறுபடி ஸ்டார்ட் ஆகிற மாதிரி இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் முப்பது மோட்டார் ஓடினால் முப்பதும் ஒன்றாக இழுக்கும், வோல்டேஜ் சட்டென்று ஏறாது. அதற்குள் சில ஸ்டார்ட்டரில் காயில் பிடியை விட்டு மோட்டார் நின்றுவிடும். ரோட்டில் பள்ளம் வந்தால் லோடு வண்டி இறங்கிவிடும், ஏறத்தான் திணறும். அதனால் பள்ளம் என்று சொல்லலாமே. வோல்டேஜ் கொஞ்ச நேரம் ஏறி இறங்குகிற ஸ்வெல்லுக்கு மேடு. மேடு பள்ளம் தெரியாத பையன் கிடையாது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

டிப்பை விடச் சொல்லாதீர்கள் என்பதே என் முறையீடு. வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் பள்ளம் என்று கேட்கமாட்டார்கள். தமிழ் படித்ததால் பையன் பின்தங்கினான் என்ற பேச்சு வரவே கூடாது.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

அம்மா, டிப்பை அவன் பட்டறையில் ஒரே நாளில் கற்றுக்கொள்வான். பொருளைப் புரிந்துகொள்ளத்தான் தாய்மொழி. மேடு பள்ளம் இணை அருமை. ஆனால் அதற்கு ஔவையாரே சொல் தந்திருக்கிறாரே. 'அவலா கொன்றோ மிசையா கொன்றோ', புறநானூறு 187. அவல் பள்ளம், மிசை மேடு. மின்னவல், மின்மிசை என்றால் எவ்வளவு கச்சிதம்!

கோவை, ஆசிரியை:

ஐயா, மாணவர்களுக்கு அவல் என்றால் தின்கிற அவல்தான். மன்னிக்க வேண்டும்.

பட்டறை அண்ணா சொன்ன ஏற்றத் திணறலை இன்றே பாடத்தில் சேர்த்துவிட்டேன். இன்னொரு கணக்கும் பள்ளத்தோடு பொருந்துகிறது. மோட்டார் சுழற்றும் வலிமையான முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். அழுத்தம் 70 விழுக்காடானால் முறுக்குவிசை 49 விழுக்காடு, அதாவது பாதிக்கும் கீழே. மோட்டாரின் உச்ச முறுக்குவிசை வழக்கமாக முழுச் சுமையைப் போல 2 முதல் 2.5 மடங்கு. 2 மடங்குள்ளது 0.98 மடங்குக்கு வந்துவிடும், முழுச் சுமையில் நிலைக்காது. 2.5 உள்ளது 1.2இல் தாக்குப்பிடிக்கும். பம்ப் என்றால் வேகம் குறையும்போது சுமையும் குறைவதால் கொஞ்சம் தப்பிக்கும், கம்ப்ரசர் நின்றுவிடும். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று பள்ளத்தைக் கேட்பது போலவே இதையும் கேட்கலாம்.

யாழ்ப்பாணம், மின்பொறியியலாளர்:

ஆழம் என்று வந்தது நல்லது. ஆங்கிலத்தில் '70 விழுக்காடு ஸேக்' என்றால் 70 மிஞ்சியதா, 70 போனதா என்று பொறியியலாளர்களே குழம்புவார்கள். தமிழில் நான்காம் வேற்றுமை அதைத் தீர்த்துவிடும். '70 விழுக்காட்டுக்கு இறங்கியது' வேறு, '70 விழுக்காடு இறங்கியது' வேறு. எந்தச் சொல்லை எடுத்தாலும் அந்த 'க்கு'வை மட்டும் விட்டுவிடாதீர்கள். பள்ளத்துக்கு நான் உடன்படுகிறேன், முழு மனதாக இல்லை.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

ஒரு தடை மிச்சம் இருக்கிறது. வீழ்ச்சி, தடை, தொய்வு எல்லாம் தொழிற்பெயர். பள்ளம் இடத்தின் பெயர். ஸேக் ஒரு நிகழ்வு. பள்ளத்திலிருந்து வினை எடுக்க முடியுமா? மின்னழுத்தம் பள்ளியது என்பீர்களா?

கோவை, ஆசிரியை:

வினை வேண்டிய இடத்தில் 'பள்ளத்தில் இறங்கியது' என்று எழுதுகிறேன் ஐயா. இன்று புதன் இரவு. பள்ளத்துக்கு மூன்று பேர், அதில் ஒருவர் அரைமனது. டிப்புக்கு ஒருவர், குறுக்கத்துக்கு ஒருவர். பாடத்தலைப்பை 'மின்னழுத்தப் பள்ளமும் தூண்டல் மோட்டாரும்' என்று மாற்றி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். முதல் பத்தியில் 'பட்டறையில் டிப் என்பர்' என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

அந்த ஒரு வரிக்கு நன்றி.

தஞ்சாவூர், தமிழாசிரியர்:

நல்லது அம்மா, அச்சாகட்டும். குறுக்கத்துக்கு ஒரு ஓட்டு என்பது மட்டும் பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது குறுக்குச்சுற்றுக்கு வேறு சொல் கிடைத்திருந்தால் மறுபடி எழுதுவேன்.