அடிபட்ட விரல், வலி விடவே மாட்டேன் என்கிறது. உதவுங்கள்

தட்டச்சன்:
பந்து பிடிக்கப் போய் விரலில் பட்டுவிட்டது. வீக்கம் முக்கால்வாசி வற்றிவிட்டது, வலி போகவில்லை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். டைப் அடிக்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்? அவசரம்.

மொட்டைமாடி:
எந்த விரல்? எந்த மூட்டு? பட்டு எவ்வளவு நாள் ஆச்சு?

கருவேலம்:
யூரிக் அமிலம் பாருங்கள். அடிபட்டதெல்லாம் ஒரு சாக்கு.

மொட்டைமாடி:
யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டுவலி பெரும்பாலும் கால் கட்டைவிரலில்தானே ஆரம்பிக்கும்? இவர் பந்து பட்டது என்கிறார்.

இடதுகை:
நேராகப் பிடித்து ஒரு இழு இழுத்து சொடக்கு எடுங்கள், சரியாகிவிடும். கிரவுண்டில் நாங்கள் அப்படித்தான்.

நெற்றிக்கண்:
இழுக்கிற வேலையே வேண்டாம். தட்டச்சன், டாக்டரிடம் போனாலும் "வலிக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? விரல் தானாக நிமிர்கிறதா, மடங்குகிறதா? இதைக்கூட நான்தான் கேட்டு வாங்க வேண்டுமா?

மழைக்கோட்டு:
சொடக்கு எடுத்தால் பின்னாளில் மூட்டு தேயும். எங்கள் பாட்டி அப்பவே சொன்னார்.

இடதுகை:
கட்டுக்கதை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் பல பத்தாண்டுகள் இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009இல் இக் நோபல் வேறு கொடுத்தார்கள்.

மழைக்கோட்டு:
ஒரே ஆள், சொந்தக் கை. அதுக்குப் பேர் ஆராய்ச்சியா? கேலிக்குக் கொடுக்கிற பரிசு அது.

இடதுகை:
உங்கள் பாட்டி எத்தனை பேரை வைத்துப் பார்த்தாராம்?

தட்டச்சன்:
மன்னிக்கவும், வேலை. வலது மோதிர விரல், நடு மூட்டு. ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. தானாக முழுசாக நிமிராது, மறு கையால் தள்ளினால் நிமிரும். நுனி கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது.

நெற்றிக்கண்:
இந்தக் கடைசி இரண்டு வரிதான் விஷயமே. நடு மூட்டை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசைநாண் தெரியாது. முதலில் சாதாரணச் சுளுக்கு மாதிரிதான் இருக்கும், நடு மூட்டு மடங்கி நுனி தூக்குவது 2, 3 வாரம் கழித்துத்தான் தெரிய வரும். டாக்டர்கள் இதற்கு எல்சன் சோதனை செய்வார்கள்: மேசை விளிம்பில் நடு மூட்டை 90 டிகிரி மடக்கி வைத்து, அவர் மேலிருந்து அழுத்த, நீங்கள் நிமிர்த்தப் பார்க்க வேண்டும். அப்போது நுனி தொளதொள என்று இல்லாமல் விறைத்தால் சந்தேகம் உறுதி. கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் இந்த வாரமே போங்கள். தள்ளிப்போட்டால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு.

மொட்டைமாடி:
அந்த விரலில் மோதிரம் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

தட்டச்சன்:
பார்த்தாச்சு. அதேதான். நடு மூட்டை மட்டும் நேராக வைத்து ஸ்ப்ளின்ட், 6 வாரம், குளிக்கும்போதும் கழற்றக் கூடாதாம். நுனியை மட்டும் மடக்கி மடக்கி பயிற்சி. நன்றி.

கருவேலம்:
யூரிக் அமிலம் பார்த்தார்களா?